கேம்ல வர்ற இங்கிலீஷ்

குற்றாலத்துல சீசன் கடைக்காரங்களுக்கு மலையாளம் யாரும் பாடம் எடுக்கல. ஜூன், ஜூலையில புளியரை வழியா வர்ற கேரளக் கூட்டத்துகிட்ட சிப்ஸும் மங்குஸ்தானும் விக்கணும். அந்தத் தேவைதான் வாத்தியார். தென்காசிப் பிள்ளைக பிஜிஎம்ஐங்கிற மொபைல் கேம் விளையாடி இங்கிலீஷ் வார்த்தை பிடிக்கிறதும் இதே வழியிலதான். ரிவைவ், எனிமி, இன்வென்டரி, ரீலோட்னு ஒவ்வொண்ணும் ஒரு செயலோட ஒட்டி வருது, ஒரே ஆட்டத்துல திரும்பத் திரும்ப வருது, புரியலைன்னா ஆளு காலி. பாடத்துக்குக் கடைசியில இருக்கிற அருஞ்சொல் பட்டியல்ல இந்த மூணு குணமுமே கிடையாது.

"மைக்ல தமிழ்தானே பேசுறானுக, அதுவும் வெறும் சண்டை வார்த்தைதானே"ன்னு கேட்கலாம். நியாயம்தான். "ரிவைவ் பண்ணுல மக்கா"ங்கிறது இங்கிலீஷ் வாக்கியம் ஆகாது. இலக்கணம் கேம்ல வராது. ஆனா வார்த்தை கைக்கு வந்துட்டா பாதி பயம் போயிடும், வாக்கியம் கட்டச் சொல்லித்தர வேண்டியது வகுப்போட வேலை. அடிமையாகிடுவாங்களேங்கிற கவலையும் நிஜம்தான், அதுக்கு வீட்ல நேரக்கட்டுப்பாடு வேணும். தடையை மட்டும் நம்பிப் பிரயோஜனமில்ல: 2020 செப்டம்பர்ல பப்ஜியைத் தடை பண்ணாங்க, 2021 ஜூலையில அது பேர் மாத்திக்கிட்டு பிஜிஎம்ஐயா வந்து நின்னுச்சு.

'30 நாளில் ஆங்கிலம்' வாங்கி மூணாம் பக்கம் தாண்டாத தலைமுறை நாம. நாம போய் அவனுகளுக்கு அறிவுரை சொல்றோம்! டீச்சர்களே, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச அந்த வார்த்தைகளை வச்சே ஒரு பீரியடு நடத்திப் பார்த்தா என்ன?