ஐயாயிரம் போட்டுக்க மாப்ளே!

"கடைசியா எப்ப பிரஷர் பார்த்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

வருமான வரிக் கணக்குப்படி சொல்வதென்றால், போன வருஷம். அதற்கு முந்தின வருஷமும் பார்த்திருக்கிறேன். இப்படி ஐந்து வருஷம் விடாமல்! உண்மைப்படி சொல்வதென்றால், காலேஜில் என்.சி.சி.க்கு ஆள் எடுத்தபோது ஒருத்தர் என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தாரே, அத்தோடு சரி.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். அடியேன் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற ஆசாமிதான் என்றாலும், ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் செட்டுக்கே ஆடிட்டர் நான்தான். ஃபீஸ், ரெண்டு பரோட்டாவும் சால்னாவும். வருமான வரியில் ஒரு சலுகை இருக்கிறது. பழைய வரி முறையில் இருப்பவர்கள், நோய் வருவதற்கு முன்பே செய்துகொள்ளும் உடல் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். 2012 பட்ஜெட்டில் வந்தது. இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது. செக்கப்புக்கு மட்டும் ரொக்கமாகக் கொடுத்தாலும் செல்லும். சட்டம் எழுதினவர் நம்மை நம்பிவிட்டார், பாவம்!

"செக்கப் ஏதாவது பண்ணினியாடா?" என்று ஃபோனில் கேட்பேன். "ஐயாயிரம் போட்டுக்க மாப்ளே!" என்று பதில் வரும். போடுவேன். அதே கையோடு எனக்கும் போட்டுக்கொள்வேன். காகிதத்தில் எங்களைவிட ஆரோக்கியமான இளைஞர் கூட்டம் திருச்சி ஜில்லாவிலேயே கிடையாது.

டாக்டரம்மாவிடம் நான் போனது எனக்காக இல்லை. அப்பாவுக்கு வயது 67. கால் மரத்துப்போகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கெஞ்சிக் கூத்தாடி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனால், சிஸ்டர் பிரஷர் மெஷினை எடுத்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார்.

"முதல்ல அவனுக்குப் பாருங்கம்மா. அப்புறம் நான் நீட்டறேன்!"

கல்யாணப் பந்தியில் முதலில் உட்காரத் தயங்கும் சம்பந்தி மாதிரி அவர் விறைப்பாக நிற்க, நான் பெரிய வீரனாகச் சட்டைக் கையை மடித்துவிட்டேன். பட்டையைச் சுற்றினார்கள். இறுக்கிற்று. 164/106. சிஸ்டர் மெஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். 160/104. மெஷினில் கோளாறோ என்று அப்பாவுக்கும் பார்த்தார்கள். 128/80!

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அவருக்குத் துணையாக வந்தவன் நான். அந்த நிமிஷத்திலிருந்து அவர் எனக்குத் துணையாகிவிட்டார்.

டாக்டரம்மா என்னை ஐந்து நிமிஷம் வாய் பேசாமல் உட்காரச் சொன்னார். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படவேண்டும், கை மார்பு உயரத்தில் மேஜை மேல். அப்போதும் 158/102. "ஒரே நாள்ல முடிவு கட்டக் கூடாது. அடுத்த வாரம் வாங்க. வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் காபி, சிகரெட் ரெண்டும் வேணாம்" என்றார். போனேன். 156/100. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90-ஐத் தாண்டினால் ரத்தக்கொதிப்புதானாம்.

"தலைவலி, தலைசுத்தல் எதுவுமே இல்லையே டாக்டர்?"

"இருந்திருந்தா எப்பவோ வந்திருப்பீங்களே! முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணுமே தெரியாது."

36 வயசுக்கு இது அதிகம், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று ரத்தம், யூரின், கிட்னிக்கு ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ எல்லாம் எழுதிக்கொடுத்தார்.

ரிசல்ட் வருவதற்கு முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை. "என்னங்க?" என்றாள் மனைவி. "கேஸ் டிரபிள்" என்றேன். யு.கே.ஜி. படிக்கிற பெண் என் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். அவள் பிளஸ் டூ முடிக்கும்போது எனக்கு 48. வீட்டு லோன் இன்னும் 14 வருஷம். எல்.ஐ.சி. பாலிசி எந்த பீரோவில் இருக்கிறது என்று இவளுக்குத் தெரியுமா? பி.காம். படித்தவன் பயந்தால் கூட்டல் கழித்தல்தான் வரும் போலிருக்கிறது.

கிட்னி நன்றாகவே இருந்தது. எக்கோவில்தான் டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இதயத்துல இடது கீழறைச் சுவர் கொஞ்சம் தடிச்சிருக்கு. அதிக அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, ஜிம்முக்குப் போற கை மாதிரி சதை போட்டிருக்கு. இது நேத்து வந்தது இல்லை. சில வருஷமாவே பிரஷர் இருந்திருக்கணும். பயப்படாதீங்க, கட்டுப்பாட்டுல வெச்சா குறைய வாய்ப்பிருக்கு."

சில வருஷம்! அந்த வருஷங்களுக்கெல்லாம் என்னிடம் கணக்கு இருக்கிறதே. 5,000 ரூபாய்க் கழிவுக்கு 20 சதவிகித வரி, அதன் தலையில் 4 சதவிகித செஸ். ஆக, வருஷத்துக்கு 1,040 ரூபாய் மிச்சம். ஐந்து வருஷத்துக்கு 5,200. அந்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை கையை நீட்டியிருந்தால் போதும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரியின் 'எக்ஸிக்யூட்டிவ் பேக்கேஜ்' எல்லாம் வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சர்க்கரையும் காசு வாங்காமலே பார்க்கிறார்கள். நான் ஏதோ அபூர்வப் பிறவி என்றும் நினைக்க வேண்டாம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 35.5 சதவிகிதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு. உங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

இப்போது காலையில் ஒரு மாத்திரை. ஊறுகாய், அப்பளம் கட். ஒரு நாளைக்கு மொத்த உப்பே ஒரு டீஸ்பூனுக்குள். அப்பா என் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் தட்டில் ஊறுகாய் போட்டுக்கொள்கிறார்.

ஜூலையில் வழக்கம்போல் ஃபோன் வந்தது.

"ஐயாயிரம் போட்டுக்க மாப்ளே!"

"ரசீது?"

"என்னடா புதுசா?"

"பக்கத்துல சுகாதார நிலையத்துல ஓசியிலேயே பார்க்கறாங்கடா. போய்ப் பார்த்துட்டு வா."

"ஓசியில பார்த்தா ரசீது எப்படிடா வரும்?"

நியாயமான கேள்விதான். மறுநாள் காலை அவன் வீட்டு வாசலில் போய் நின்று, பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். பட்டையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

"முதல்ல உனக்குப் பார்க்கட்டும்டா!"

நீட்டினேன். 132/84.

"இப்ப நீ" என்றேன்.