பார்க்கிங்: ஆறும் ஏரியும் ஊரும்

கிழக்கு லண்டனின் பார்க்கிங், தண்ணீர் எல்லை வகுத்த ஊர். மேற்கே ரோடிங் ஆறு. அதைத் தாண்டினால் தமிழர் நெருங்கி வாழும் ஈஸ்ட்ஹாம். ஒருகாலத்தில் மீன்பிடிப் படகுகள் நிறைந்திருந்த அந்த ஆறு தெற்கே தேம்ஸில் கலக்கிறது. 1898இல் திறக்கப்பட்ட பார்க்கிங் பூங்காவில் நீண்டு ஒடுங்கிய படகு ஏரி ஒன்று உண்டு. பூங்காவைச் சூழ்ந்து வீட்டுத் தெருக்கள்.

பார்க்கிங் அடங்கிய உள்ளாட்சிப் பகுதியான பார்க்கிங்-டகன்ஹாம் பரோவின் மக்கள்தொகை 2011இல் சுமார் 1,86,000. 2021இல் சுமார் 2,18,900. எண்ணிக்கையைவிட முக்கியம், இது பிள்ளைகள் நிறைந்த ஊர் என்பது: சிறுவர் விகிதத்தில் நாட்டிலேயே முன்வரிசை. பழைய அனல்மின் நிலையம் இருந்த தேம்ஸ் கரையில் 10,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கான பார்க்கிங் ரிவர்சைடு என்ற புதுக் குடியிருப்பு எழுகிறது. 2022 ஜூலையில் அங்கே ரயிலும் வந்தது.