ஒன்றும் நடக்கவில்லை

2014 ஜனவரியில் மிச்சிகன் போய் இறங்கினேன். அந்த வருடக் குளிரைப் பற்றி அங்கே இருந்தவர்கள் இன்னமும் பேசுவார்கள். டெட்ராய்டை ஒட்டிய ஒரு புறநகரில் ஆன்சைட். வேலை ப்ரொடக்‌ஷன் சப்போர்ட், அதாவது சர்வர் விழாமல் பார்த்துக்கொள்வது. விழுந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும். விழாவிட்டால் எதுவும் வராது, பாராட்டு உட்பட.

பக்கத்து கியூபிக்கிளில் ஐம்பதைத் தாண்டிய அமெரிக்கர் ஒருவர் இருந்தார். டேட்டாபேஸ் ஆள். எனக்கு அப்போது லைசென்ஸ் கிடையாது என்பதால் மாலையில் அவர்தான் வீட்டில் இறக்கிவிடுவார். காரில் ரேடியோவில் எப்போதும் ஹாக்கி ஓடும். அந்த ஊரில் ஹாக்கி என்று சும்மா சொன்னால் அது பனித்தளத்தில் ஆடுவதுதான். நமக்குத் தெரிந்த புல்தரை ஹாக்கிக்குத்தான் அங்கே அடைமொழி தேவைப்படும்.

மார்ச் மாதம் ஒருநாள் மதிய இடைவேளையில், தன் லேப்டாப்பில் 1997 ஸ்டான்லி கோப்பை இறுதிப்போட்டியின் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினார். அந்த வாரம்தான் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி ஐந்தாம் எண் சட்டையை இனி யாருக்கும் இல்லை என்று அறிவித்து அரங்கத்தின் கூரையில் ஏற்றியிருந்தது. நான் எல்லோரையும் போல பக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை கண்ணுக்குச் சிக்கவே இல்லை. அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "பக்கை விடுப்பா. அஞ்சாம் நம்பரை மட்டும் பாரு. அவன் என்ன செய்யறான்னு சொல்லு."

பத்து நிமிடம் பார்த்தேன். "ஒண்ணும் செய்யலையே" என்றேன்.

"ஆங். அதான்."

ஐந்தாம் எண் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். 1970-இல் பிறந்த ஸ்வீடன்காரர், டிஃபென்ஸ்மேன். தன் ஊர்ப்பக்கத்து வெஸ்டெரோஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 1989 தேர்வில் மூன்றாம் சுற்றில், 53-ஆவது ஆளாக டெட்ராய்ட் எடுத்தது. 1991-இல் அமெரிக்கா வந்தார். 2012-இல் ஓய்வு பெறும்வரை அதே அணி, அதே எண். 20 சீசன், 1564 ஆட்டங்கள். அத்தனை ஆட்டங்களிலும் சேர்த்து அவர் தண்டனைக்காக வெளியே உட்கார்ந்த நேரம் 514 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு 20 வினாடிகூட வராது. ஆளை இடித்துச் சுவரில் அப்புவதையும், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நடுக்களத்தில் குத்துச்சண்டை போடுவதையும் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டிப் பார்க்கும் ஆட்டம் இது. அதில் எதிரியைத் தடுப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவருக்கு இந்தக் கணக்கு.

அன்று நான் பார்த்த இறுதிப்போட்டியில் எதிரணி ஃபிலடெல்ஃபியா. அவர்களின் நம்பிக்கை எரிக் லிண்ட்ரோஸ். அவரும், இருபுறமும் ஆடும் இரண்டு பேரும் ஆறடியைத் தாண்டியவர்கள், நூறு கிலோவை ஒட்டியவர்கள். அந்தக் கூட்டணிக்கு 'அழிவுப் படை' என்கிற பாணியில் ஒரு பட்டப்பெயரே உண்டு. டெட்ராய்டுக்குக் கோப்பை கிடைத்து 42 வருடம் ஆகியிருந்தது. லிண்ட்ரோஸை யார் நிறுத்துவது? எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: விளாதிமிர் கான்ஸ்டான்டினோவ். சோவியத் ராணுவ அணியில் வளர்ந்தவர், இடித்தால் எலும்பு பேசும். லிட்ஸ்ட்ரோம் எடுக்கப்பட்ட அதே 1989 தேர்வில், 221-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். மலையை மலையால்தானே முட்ட வேண்டும்.

பயிற்சியாளர் ஸ்காட்டி போமேன் கான்ஸ்டான்டினோவை அனுப்பவில்லை. லிட்ஸ்ட்ரோமையும் லாரி மர்ஃபியையும் அனுப்பினார். மர்ஃபிக்கு 36 வயது, வேகம் குறைந்துபோனவர்; அந்த சீசனில்தான் டொராண்டோவில் சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு விரட்டியிருந்தார்கள். லிட்ஸ்ட்ரோமோ யாரையும் இடிக்காதவர். போமேனின் கணக்கு வேறு. மலையோடு முட்டினால் மலைதான் ஜெயிக்கும், ஆனால் மலையிடம் பக்கே போய்ச் சேராவிட்டால்?

அந்த வீடியோவைப் பிறகு எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. லிட்ஸ்ட்ரோம் செய்வது இதுதான். எதிராளி பக்கோடு வரும்போது, அவருக்குச் சமமான வேகத்தில் பின்னோக்கிச் சறுக்குவார். இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டிக் நீளம். அந்த இடைவெளி கூடவே கூடாது, குறையவும் கூடாது. ஸ்டிக்கை ஒரு கையால் பனியின் மேல் படுக்க வைத்து, நடுவழியை அடைத்துக்கொள்வார். பார்க்க ஏதோ சும்மா வைத்திருப்பதுபோல இருக்கும். எதிராளிக்குத் திறந்திருப்பது வெளிப்பக்கம் மட்டும். அவரும் ஏதோ தானே முடிவு செய்த மாதிரி வெளிப்பக்கம் போவார். போகப்போகச் சுவர் நெருங்கும், கோணம் குறுகும். கடைசியில் ஒரு சின்னத் தட்டு. பக் இப்போது லிட்ஸ்ட்ரோமிடம். அடுத்த நொடி அவர் அதைத் தன் ஆளுக்கு அனுப்பிவிட்டிருப்பார். கேமராவும் பக்கோடு போய்விடும்.

நான்கு ஆட்டங்களில் கதை முடிந்தது, நான்கும் டெட்ராய்டுக்கு. லிண்ட்ரோஸ் அடித்தது ஒரே ஒரு கோல். அதுவும் நான்காம் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில்.

கோப்பை ஜெயித்த ஆறாவது நாள் இரவு, கொண்டாட்டம் முடிந்து கான்ஸ்டான்டினோவ் வந்த லிமோசின் மரத்தில் மோதியது. மூளையில் பலத்த காயம். அவர் மறுபடி ஆடவில்லை. அடுத்த வருடமும் டெட்ராய்டே ஜெயித்தது. கேப்டன் ஐசர்மேன் கோப்பையை வாங்கியதும் சக்கர நாற்காலியில் பனித்தளத்துக்குக் கொண்டுவரப்பட்ட கான்ஸ்டான்டினோவின் மடியில்தான் முதலில் வைத்தார். இதைச் சொல்லும்போது என் நண்பர் காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த 1997-இல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை வாக்கெடுப்பில் கான்ஸ்டான்டினோவ்தான் இரண்டாம் இடம். அடுத்த மூன்று வருடங்கள், 1998, 1999, 2000, வரிசையாக இரண்டாம் இடத்தில் வந்தவர் லிட்ஸ்ட்ரோம்.

இந்த மூன்று இரண்டாம் இடங்கள்தான் எனக்குப் பிடித்துப்போனது. அந்த வருட அப்ரைசலில் எனக்கு நடு ரேட்டிங் வந்திருந்தது. புதிதாக ஏதோ டாஷ்போர்டு செய்தவனுக்கு மேல் ரேட்டிங். நான் மூன்று முறை பேரழிவைத் தடுத்தவன் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். லிட்ஸ்ட்ரோமை என் கட்சிக்கு இழுத்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல் காப்பவன், பாராட்டப்படாதவன், இத்யாதி. கடையில் சிறகு முளைத்த சக்கரம் போட்ட ஒரு காபி மக் வாங்கி மேஜையில் வைத்தேன்.

இது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். 2001-இல் தொடங்கி ஏழு முறை நாரிஸ் கோப்பை வாங்கியவர் எப்படிப் பாராட்டப்படாதவர் ஆவார்? முதலாவது கிடைத்தபோது 31 வயது, பத்தாவது சீசன். கடைசியாக வாங்கியபோது 41. நான்கு ஸ்டான்லி கோப்பைகள். 2006 டுரின் ஒலிம்பிக் இறுதியில் ஃபின்லாந்துக்கு எதிராக ஸ்வீடனின் வெற்றி கோல் அவருடையது. 2008-இல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். ஐரோப்பாவிலேயே ஆட்டம் பழகி வந்தவர்களில் அதைச் செய்த முதல் கேப்டன். சக ஆட்டக்காரர்கள் அவரை 'குறையே இல்லாத மனிதன்' என்று கிண்டலும் மரியாதையுமாகக் கூப்பிட்டார்கள். மேலும் அவர் தடுப்பதோடு நின்றவர் இல்லை. 264 கோல், 878 அசிஸ்ட். சொந்த அரங்கமான ஜோ லூயிஸ் அரீனாவில் கோலுக்குப் பின்னால் இருந்த பலகைச்சுவர் ரப்பர் பந்துபோலத் திருப்பி அடிக்கும். லிட்ஸ்ட்ரோம் நீலக்கோட்டிலிருந்து வேண்டுமென்றே கோலுக்கு வெளியே அடிப்பார். பக் சுவரில் பட்டுத் திரும்பி, கோலியின் மறுபுறம் காத்திருக்கும் ஆளிடம் வந்து நிற்கும். குறி தவறியது என்று புதிதாகப் பார்ப்பவன் உச்சுக்கொட்டுவான். நானும் கொட்டியிருக்கிறேன்.

2002-இல் வான்கூவருக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களைச் சொந்த ஊரிலேயே தோற்று, மூன்றாவதில் சமநிலையில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, மைதானத்தின் நடுவே சிவப்புக்கோட்டருகிலிருந்து ஒரு அடி அடித்தார். கோலி டான் கிளூட்டியே அதை எப்படியோ விட்டுவிட்டார். டெட்ராய்ட் அந்தத் தொடரையும், கடைசியில் கோப்பையையும் ஜெயித்தது; பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது லிட்ஸ்ட்ரோமுக்கு. ஆக, காட்சிக்குரிய தருணங்களும் அவரிடம் ஏராளம். நான் எனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக்குத் திரும்பினேன். 2019-இல் ஏழு பேருக்கு மேனேஜர். அப்ரைசல் காலத்தில் எல்லா மேனேஜர்களையும் ஓர் அறையில் உட்கார வைத்து, பெல் கர்வில் யாரை எங்கே போடுவது என்று பேரம் பேசவைப்பார்கள். என் டீமில் ஒரு பெண் இருந்தார். மூன்று வருடமாக எங்கள் சிஸ்டம் விழுந்ததே இல்லை என்றால் அவர்தான் காரணம். இதை இப்போது தெளிவாக எழுதுகிறேன். அன்று அந்த அறையில் அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்தான் இருந்தது: நன்றாக வேலை செய்கிறார். "என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்கள். மற்ற மேனேஜர்களிடம் ஸ்லைடு இருந்தது. ரொம்ப நேரம் வாதாடவில்லை. நடு ரேட்டிங்குக்கு ஒத்துக்கொண்டேன்.

அவரிடம் சொன்னபோது சண்டை போடவில்லை. "நான் எதுல குறைஞ்சேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"குறைன்னு இல்ல. விசிபிலிட்டி கம்மி."

இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது என் கையில் இருந்தது அந்தச் சிறகு முளைத்த சக்கர மக். அவர் அதைப் பார்த்தாரா தெரியாது. பார்த்திருந்தாலும் அவருக்கு அது வெறும் மக்.

இரண்டு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்கு நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பணப் பரிமாற்றத்துக்கான ஒரு சர்ட்டிஃபிகேட் காலாவதியாகி ஐந்து மணிநேரம் எல்லாம் நின்றுபோனது. அதைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் தன் போன் காலண்டரில் ரிமைண்டர் வைத்திருந்தவர் அவர். டிக்கெட் போட்டு எழுதி வைக்காதது அவர் தவறு என்று மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் எழுதினேன். அது உண்மையும்தான். ஆனால் டிக்கெட் போடச் சொல்லி ஒருநாளும் நான் கேட்டதில்லை. அப்படி ஒரு சர்ட்டிஃபிகேட் இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு இரவு தூக்கம் வராமல் பழைய பழக்கத்தில் ஹாக்கிப் புள்ளிவிவரங்களைத் திறந்தேன். ஹாக்கியில் பிளஸ்-மைனஸ் என்று ஒரு கணக்கு உண்டு. நீங்கள் களத்தில் இருக்கும்போது உங்கள் அணி கோல் அடித்தால் உங்களுக்குக் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. ஆள் கூடுதலாக இருக்கும் நேரத்தில் அடித்த கோல்கள் சேராது. கூட ஆடுபவர் யார் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும் ஓட்டைக் கணக்குதான். ஆனாலும், நடக்காமல் போனவற்றுக்குக் கொஞ்சமாவது மதிப்பெண் கொடுக்க முயல்கிற கணக்கு. லிட்ஸ்ட்ரோமின் மொத்தம் கூட்டல் 450. அந்த வரலாற்றுப் பட்டியலில் அவருக்குச் சற்றே கீழே, கூட்டல் 444-இல், ஒரு பெயர் இருந்தது. பிராட் மக்ரிம்மன்.

கேள்விப்பட்ட மாதிரி இருந்தது. தேடினேன். 1991-இல் அமெரிக்கா வந்த 21 வயது லிட்ஸ்ட்ரோமுக்கு முதல் ஜோடியாகப் போடப்பட்ட டிஃபென்ஸ்மேன். கனடாக்காரர், அப்போது வயது 32. டிஃபென்ஸ்மேன்கள் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்னால் நிற்க வேண்டும். மக்ரிம்மன் பின்னால் நின்றார். லிட்ஸ்ட்ரோம் அந்த முதல் சீசனில் 60 புள்ளி எடுத்தார், கூட்டல் 36; சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் பாவெல் புரேவுக்கு அடுத்த இடம். இரண்டு வருடத்தில் மக்ரிம்மன் ஹார்ட்ஃபோர்டுக்குப் போனார். அங்கே 18 வயதில் வந்து சேர்ந்த கிறிஸ் பிராங்கருக்கு ஜோடி. பிராங்கர்தான் 2000-இல் லிட்ஸ்ட்ரோமை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி நாரிஸ் கோப்பை வாங்கியவர். முதல் இடமும் இரண்டாம் இடமும் ஒரே ஆளின் பக்கத்தில் நின்று தொழில் பழகியவை.

மக்ரிம்மன் 18 சீசன், 1222 ஆட்டங்கள் ஆடினார். நாரிஸ் கோப்பை ஒன்றுகூட இல்லை. 2011 செப்டம்பர் 7-ஆம் தேதி, ரஷ்யாவின் லோகோமோடிவ் யாரோஸ்லாவ்ல் அணியின் தலைமைப் பயிற்சியாளராக, சீசனின் முதல் ஆட்டத்துக்குக் கிளம்பிய விமானம் விழுந்து அணியோடு இறந்துபோனார். லிட்ஸ்ட்ரோம் தன் கடைசி சீசனுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது.

1991-92 ஆட்டங்களின் வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். தேய்ந்துபோன பதிவுகள். லிட்ஸ்ட்ரோம் நீலக்கோட்டைத் தாண்டி முன்னே போவது தெரிகிறது. கேமரா அவரோடு போகிறது. திரையின் இடது ஓரத்தில் பின்னோக்கிச் சறுக்கியபடி ஓர் ஆள் அரை நொடி இருந்துவிட்டு வெளியேறுகிறார். ரீவைண்ட் செய்து பார்த்தேன். அரை நொடிதான்.

விடிந்ததும் அந்தப் பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பினேன். சர்ட்டிஃபிகேட் விஷயத்தைச் சொல்லி, அப்ரைசலில் நான் செய்தது தப்பு என்று எழுதினேன். ஹாக்கியைப் பற்றி எழுதி, பிறகு அழித்துவிட்டேன். மதியம்வரை பதில் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்தபோது வந்திருந்தது.

"பரவால்ல. நேத்து காலைல என் போன்லயும் ரிமைண்டர் அடிச்சுது, டெலீட் பண்ண மறந்துட்டேன். சொல்லலாமான்னு யோசிச்சேன், சொல்லல. இங்க ஆன்-கால் இல்ல. ராத்திரி தூங்குறேன்."