ஏழு வயதுப் பிள்ளை யாரிடம்?

மணவிலக்கு நேர்ந்த இல்லங்களில் மஹரைப் பற்றிப் பேசுவோர் உண்டு. கொடுத்த நகைகளைத் திருப்பிக் கேட்போர் உண்டு. இத்தாக் காலச் செலவைக் கணக்கிடுவோரும் உண்டு. எல்லாம் எண்ணி முடிந்தபின் எண்ணிக்கைக்கு அடங்காத ஒன்று எஞ்சி நிற்கும். அது பிள்ளை. பாத்திரம் பண்டங்களைப் பிரித்ததுபோல அதனையும் பிரித்துவிட முனைகிறோம். அங்கேதான் தவறுகிறோம். இத்தவற்றைப் பிறர்மேல் சுமத்தி அறிவுரை பகர யாம் வரவில்லை. யாமே இழைத்த ஒன்றைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்கவேண்டியிருக்கிறது.

2011ஆம் ஆண்டு. காவிரிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் யாம் மக்தபு நடத்திவந்தோம். ஒருநாள் அஸர் தொழுகைக்குப்பின் பள்ளிவாசலை ஒட்டிய அறையில் ஜமாஅத்தார் கூடினர். தலாக் நிகழ்ந்து இத்தாவும் முடிந்துவிட்ட ஒரு குடும்பம். கொடுக்கல் வாங்கல் யாவும் தீர்ந்துவிட்டன. எஞ்சியிருந்தது ஏழு வயது நிறைந்து சில மாதங்களே ஆன ஓர் ஆண்பிள்ளை. ஊர் ஹனபி மத்ஹபைப் பின்பற்றும் ஊர். தந்தையின் தரப்பார், “அஜரத், கிதாபில் உள்ளதைச் சொல்லுங்கள், அதுபோதும்” என்றனர். யாம் ஹிதாயாவைத் திறந்தோம். ஆண்பிள்ளை ஏழு வயதுவரை தாயிடம், அதன்பின் தந்தையிடம் என்று சொன்னோம். கூட்டத்தில் எவரும் மறுத்துரைக்கவில்லை. ஜமாஅத்து ஏட்டில் எம் கையாலேயே எழுதினோம்.

திரைக்குப் பின்னால் நின்றிருந்த அத்தாய் அழுது ஆர்ப்பரிக்கவில்லை. ஒன்றே ஒன்றைச் சொன்னார். “அஜரத், அவன் ராத்திரியிலே பயப்படுவான். வெளக்கை மட்டும் அணைச்சுடக் கூடாதுன்னு அவங்க வீட்டுலே சொல்லிடுங்க.” யாம் தலையசைத்தோம். பாத்திஹா ஓதிக் கூட்டத்தை முடித்தோம். தேநீர் வந்தது. அவர் சொன்ன அச்சொல்லை யாம் ஏட்டிலும் எழுதவில்லை. எவரிடமும் எடுத்துச் சொல்லவுமில்லை.

இரண்டு திங்களுக்குள் தந்தை விடுப்பு முடிந்து வளைகுடா நாட்டிற்குத் திரும்பிவிட்டார். பிள்ளை அவருடைய முதிய தாயாரிடம் வளர்ந்தான். காலையில் எம் மக்தபுக்குத்தான் ஓத வருவான். வந்தவன் ஜுஸுவின்மேல் தலைசாய்த்து உறங்கிவிடுவான். இருமுறை கடிந்துகொண்டோம். மூன்றாம்முறை அருகழைத்து, “ராத்திரி தூங்கவில்லையா?” என்று வினவினோம். “வெளக்கை அணைச்சுடுறாங்க அஜரத். கரண்டு காசு ஆவுதுன்னு பாட்டி சொல்லுது” என்றான். அன்று மக்தபு கலைந்தபின்னும் யாம் வீடு செல்லவில்லை. ஹிதாயாவை மீண்டும் எடுத்து விரித்தோம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் எம் உஸ்தாதிடம் ஓதிய அதே பக்கந்தான். 12ஆம் நூற்றாண்டின் இமாம் மர்கீனானி (ரஹ்) அதில் கூறுவது என்ன? ஆண்பிள்ளை தானே உண்டு, தானே பருகி, தானே உடுத்தி, தானே தூய்மை செய்துகொள்ளும் நிலையை அடையும்வரை தாய்க்கே உரியவன் என்பதுதான் அடிப்படை விதி. ஏழு என்னும் எண், வழக்கத்தில் பிள்ளைகள் அந்நிலையை எய்தும் வயதைக் கருதி இமாம் கஸ்ஸாப் (ரஹ்) மதிப்பிட்டுச் சொன்னது. அதன்பின் தந்தையிடம் ஏன் செல்லவேண்டும்? ஒழுக்கமும் ஆண்மக்களுக்குரிய பழக்கவழக்கங்களும் கற்கவேண்டிய பருவம் அது. அதற்குத் தந்தையே ஆற்றல் மிக்கவர் என்பது காரணம். காரணத்தையும் நூலாசிரியர் உடன் எழுதியே வைத்திருக்கிறார். யாம் எண்ணைப் படித்தோம், காரணத்தைப் படிக்கவில்லை. ஒழுக்கம் கற்பிக்கவேண்டிய தந்தை கடல் கடந்து இருக்கையில், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து யாரிடம் ஒப்படைத்தோம்?

பிற்கால ஹனபி அறிஞராகிய இப்னு ஆபிதீன் (ரஹ்), இவ்விடயத்தில் தீர்ப்புரைப்பவர் அகப்பார்வை உடையவராயிருந்து பிள்ளைக்கு எது மிக நலமோ அதனைக் கருதவேண்டும் என்று வலியுறுத்தியுள்ளார். உறவினரே ஆயினும் பிள்ளைமேல் அன்பற்றவர் இருக்கக்கூடும், உறவல்லாதவரே ஆயினும் பரிவுள்ளவர் இருக்கக்கூடும் என்னும் உலகியலையும் அவர் மறக்கவில்லை.

நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் வழங்கும் ஷாபிஈ மத்ஹபில், பிள்ளை நல்லது கெட்டது பிரித்தறியும் பருவத்தை அடைந்ததும், பெற்றோர் இருவரும் தகுதியுடையோராயின், யாரிடம் இருக்க விரும்புகிறான் என்று அவனையே கேட்பர். இதற்குச் சான்றாக அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி உண்டு. மணவிலக்குப் பெற்ற ஒரு பெண் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, கிணற்றிலிருந்து தமக்குத் தண்ணீர் கொண்டுவந்து தரும் மகனைக் கணவர் அழைத்துச் செல்ல நினைப்பதாக முறையிட்டார். பெருமானார் அச்சிறுவனிடம் தந்தையையும் தாயையும் சுட்டிக்காட்டி, விரும்பியவர் கையைப் பற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் தாயின் கையைப் பற்றினான்.

ஹனபி அறிஞர்கள் இதற்கு உடன்படாமைக்கும் காரணமுண்டு. விளையாட விடுபவரையே சிறுவன் தேர்ந்துகொள்வான் என்பது அவர்தம் அச்சம். அது வீணான அச்சமன்று. இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் ஆசிரியர் இப்னு தைமிய்யா (ரஹ்) வாயிலாகக் கேட்ட ஒன்றை எழுதியிருக்கிறார். காழியின் முன் ஒரு சிறுவன் தந்தையைத் தேர்ந்தானாம். ‘ஏன் என்று கேளுங்கள்’ என்றாராம் தாய். ‘அம்மா நாள்தோறும் பள்ளிக்கு அனுப்புகிறார், ஆசிரியர் அடிக்கிறார்; அத்தா விளையாட விடுகிறார்’ என்று விடை வந்தது. காழி பிள்ளையைத் தாயிடமே தந்தார். வயதைப் பார்ப்பதும் விருப்பத்தைக் கேட்பதும் வாயில்கள் மட்டுமே. உள்ளே இருக்கவேண்டியது பிள்ளையின் நலம்.

ஹளரத் உமர் (ரலி) அவர்கள் வாழ்விலும் இவ்வழக்கு நேர்ந்தது. தாம் மணவிலக்குச் செய்த மனைவியின் மகன் ஆஸிம் குபாப் பள்ளியின் முற்றத்தில் விளையாடக் கண்டு, தூக்கித் தம் வாகனத்தில் அமர்த்திக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி விடவில்லை. வழக்கு கலீபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. பிள்ளையைப் பாட்டியிடமே விட்டுவிடுமாறு தீர்ப்பாயிற்று. அஞ்சா நெஞ்சர் உமர் (ரலி) அதற்கு மறுவார்த்தை பேசவில்லை என்று முவத்தாவில் காண்கிறோம். தோற்றதாக அவர்கள் கருதவில்லை. நம் காலத்துத் தந்தையர்க்கு இதனினும் பெரிய பாடம் வேறு வேண்டா.

பாட்டியின் வீட்டிலிருந்தே யாம் தொலைபேசியில் தந்தையை அழைத்தோம். எல்லாவற்றையும் கேட்டவர், “தீர்ப்புச் சொன்னது நீங்கதானே அஜரத்?” என்றார். “ஆம், கிதாபில் பாதியை மட்டும் படித்துச் சொல்லிவிட்டோம்” என்று விடையிறுத்தோம். நெடுநேரம் பேச்சில்லை. அவர் கெட்ட மனிதர் அல்லர். மறுவாரம் அவரே அழைத்து, பள்ளி நாள்களில் பிள்ளை தாயிடம் இருக்கட்டும், தாம் விடுப்பில் வரும்போது தம்மிடம் இருக்கட்டும் என்று இசைந்தார்.

ஆயினும் செலவு பற்றி ஓர் ஐயம் எழுப்பினார். பிள்ளை தாயிடம் போனபின் தாம் ஏன் பணம் அனுப்பவேண்டும் என்றார். இவ்வெண்ணம் நம்மவர் பலரிடம் உண்டு. ஹளானத் எனப்படும் வளர்ப்புப் பொறுப்பு வேறு. வலீ என்னும் காப்பாளர் நிலை வேறு. நபகா என்னும் செலவுக்கடமை வேறு. பிள்ளை எவர் மடியில் வளர்ந்தாலும் செலவு தந்தைமேல்தான். பாலூட்டும் தாய்க்குக்கூட ஊதியம் தரச் சொல்கிறது சூரத்துத் தலாக். நாட்டுச் சட்டமும் இதில் வேறுபடவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைக்கு இரண்டு வயதுவரை என்று குறிப்பதைக் காட்டி ஒரு தந்தை வழக்காடியபோது, அது தாய்க்குரிய தனி உரிமை, பிள்ளைகள் தமக்காகக் கோரும் வாழ்க்கைச் செலவை அது குறைக்காது என்று உச்சநீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. இதைச் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார்.

ஒப்பந்தத்தை ஜமாஅத்துத் தாளில் எழுதினோம். எமக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் அதனைப் படித்துவிட்டு, “நல்ல தாள்தான், நாளை ஒருவர் மீறினால் இதை வைத்து என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். எம்மிடம் விடையில்லை. பிள்ளை வழக்கமாக வாழும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலோ, குடும்பநல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கேயோ மனுச் செய்து, இசைவை ஆணையாகவே பெற்றுக்கொள்ளுமாறு அவர் அறிவுறுத்தினார். அவ்வாறே செய்தனர். காழியார் தரும் சான்று கருத்துரை மட்டுமே, நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பின்னர் 2017இல் கூறியபோது, அவ்வறிவுரையின் அருமை மேலும் விளங்கிற்று.

அவ்வழக்கறிஞர் காட்டிய 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்து வியந்தோம். பிள்ளைக்குரிய சமயச் சட்டத்தோடு இயைய, அவன் நலத்தைக் கருதியே நீதிமன்றம் முடிவெடுக்க வேண்டும். வயது, ஆண் பெண் என்னும் வேறுபாடு, சமயம், காப்பாளரின் ஒழுக்கம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அறிந்து விருப்பம் கூறும் வயதினனாயின் அவ்விருப்பத்தையும் கருதலாம் என்று அது கூறுகிறது. ஆங்கிலேயர் எழுதிய ஏட்டில் கிணற்றுத் தண்ணீர் சுமந்த அச்சிறுவனை யாம் கண்டோம். நீதிமன்றம் போனால் ஷரீஅத் போய்விடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உளர். நலத்தைத் தேடிப் போகுமிடத்தில் ஷரீஅத் முன்னரே போய் நிற்கிறது என்பது எம் அனுபவம்.

அதற்காகச் சிறு தகராறுக்கெல்லாம் வழக்குமன்றப் படி ஏறச் சொல்லவில்லை. வாய்தாவுக்கு வாய்தா தாய் ஒருபுறமும் தந்தை ஒருபுறமும் நிற்க, நடுவில் பிள்ளை நிற்கும் காட்சி கொடிது. முதலில் ஸுல்ஹு என்னும் இணக்கம். அதன்பின் அவ்விணக்கத்திற்கு நீதிமன்ற ஆணையின் வலிமை. இவ்வரிசையே நன்று. ஒருமுறை பெற்ற ஆணையும் என்றைக்கும் முடிந்த முடிபன்று. நிலைமை மாறினால், பிள்ளையின் நலங்கருதி மாற்றக் கோரலாம் என்பதையும் இருதரப்பாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அச்சிறுவன் இன்று இளைஞன். கல்லூரிப் படிப்பு முடித்து, பெற்றோர் இருவர் வீட்டிற்கும் போய்வருகிறான். எம்மைக் கண்டால் ஸலாம் உரைப்பான். தூக்கமின்றிக் கழித்த அந்த இரவுகளை அவன் மறந்திருக்கக்கூடும். எமக்கு மறக்கவில்லை. எம் கையெழுத்தில் அத்தீர்ப்பு ஜமாஅத்து ஏட்டில் இன்னமும் இருக்கிறது.

இப்போதும் இத்தகைய வழக்குகளுக்கு எம்மை அழைக்கிறார்கள். கிதாபை எடுத்துச் செல்கிறோம்; ஆனால் உடனே திறப்பதில்லை. பிள்ளை எதை உண்பான், யார் பள்ளிக்கு அழைத்துச் செல்வார், காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பான், இரவில் எதற்கு அஞ்சுவான் என்று முதலில் இருவரையும் கேட்கிறோம். விடைகளை ஏட்டில் எழுதுகிறோம். அதன்பின்தான் கிதாபைத் திறக்கிறோம். தாயும் பிள்ளையால் துன்புறலாகாது, தந்தையும் பிள்ளையால் துன்புறலாகாது என்னும் கருத்தை அல்பகரா அத்தியாயத்தில் அருளிய இறைவன், அவ்விருவராலும் பிள்ளை துன்புறாதிருக்கவும் நமக்குத் தெளிவை நல்குவானாக. ஆமீன்.