மறையும் நூல்

தூண்டிற்கோல் ஒன்றைக் கையில் எடுப்பவர் அதன் வளைவைப் பார்ப்பர்; எடையைப் பார்ப்பர்; வழவழப்பைத் தடவி மகிழ்வர். அதில் சுற்றியுள்ள நூலை உற்று நோக்குவோர் சிலரே. ஆயினும், அந்த நூல் இல்லையெனில் கோல் வெறும் கழிதான். தூண்டில் நரம்பு ஓடுவதற்கான சிறு கம்பி வளையங்களைக் கோலோடு பிணைத்து நிறுத்துவது அந்த நூலே. ஆணி அறைந்தால் மூங்கில் பிளக்கும். துளையிட்டால் வலிமை குன்றும். ஆகவே, நூலைத் தவிர வேறு துணை இல்லை.

தொழிலாளர் பலர் சிவப்பும் பச்சையுமாக நூலைத் தேர்ந்து, அதனைக் கோலுக்கு அணியாக்குவர். வேறு சிலரோ, கட்டிய நூல் கண்ணுக்குப் புலனாகாமல் மறைய வேண்டும் என விரும்பினர். அவருள் ஒருவர், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த எவரெட் கேரிசன். 1893இல் பிறந்த அவர் பொறியியல் அறிந்தவர். தென்சீனத்து மூங்கிலைப் பிளந்து, ஆறு முக்கோணச் சிம்புகளாகச் சீவி, அவற்றை ஒன்றாக ஒட்டி, அறுகோணக் கோலாக்குவது அவர் கைத்தொழில். கோலின் எந்த இடம் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்பதையும் கணக்கிட்டே அறுதியிட்டார். அத்தகைய கோலின்மீது அவர் சுற்றியது வெண்பட்டு நூல்.

வெண்ணிற நூல் எவ்வாறு மறையும்? பலகாரம் பொதிந்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் ஒளி ஊடுருவுவதாக மாறுவதைக் காண்கிறோம். நனைந்த வெள்ளை வேட்டியும் அவ்வாறே. உலர்ந்த பட்டின் இழைகளுக்கிடையே காற்று நிறைந்திருக்கிறது. ஒளி காற்றிலிருந்து இழைக்கும், இழையிலிருந்து காற்றுக்கும் மாறி மாறிச் சென்று சிதறுவதால் நூல் வெண்மையாகத் தெரிகிறது. ஒளியை வளைக்கும் தன்மையில் பட்டும் வார்னிஷும் ஏறத்தாழ ஒத்தவை. வார்னிஷ் உட்புகுந்து காற்றை வெளியேற்றிவிட்டால் ஒளி சிதறாது. நேரே ஊடுருவிச் செல்லும். நூல் அங்கேயே இருக்கும்; கண்ணுக்கு மட்டும் தோன்றாது.

சொல்வது எளிது; செய்வது அரிது. வளையத்தின் கால் முனையை அரத்தால் தேய்த்து மெலிதாக்க வேண்டும். இல்லையேல் நூல் அதன்மீது ஏறும் இடத்தில் இடைவெளி விழும். நூலை ஒரே இழுவிசையில், சுற்றுக்கு அடுத்த சுற்றாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கிச் சுற்ற வேண்டும். இறுதியில் முடிச்சும் கிடையாது. கடைசிச் சில சுற்றுகளுக்கு அடியில் முன்னரே வைத்த கண்ணியில் நூல் நுனியைக் கோத்து, உள்ளே இழுத்து, வெட்டிவிடுவர். தன் சுற்றுகளின் இறுக்கத்திலேயே நூல் நிற்கும். மேலெழும் நுண்மயிர்களைச் சிறு சுடரில் நொடிப்பொழுது காட்டிப் பொசுக்குவர். விரலின் எண்ணெய்ப் பசை பட்டாலும் வார்னிஷ் சரியாக ஊறாது. முதற்பூச்சு நீர்த்திருக்க வேண்டும். அது முற்றும் ஊறி உலர்ந்த பின்னரே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய காற்று, தேமல் போல வெண்திட்டாக நிலைத்துவிடும்.

மற்றொரு சோதனையும் உண்டு. வண்ணநூல் தன் அடியில் உள்ள குறையை மூடும். தெளிந்த நூல் அதனைக் காட்டிக் கொடுக்கும். சிம்புகள் சரியாகப் பொருந்தாத இடமும், பசை வழிந்த கோடும், அரம் கீறிய தடமும் அதன் வழியே தெரியும். ஆகவே, நூலை மறைக்கத் துணிபவன், அதற்கு முன் செய்த வேலை அனைத்தையும் பிறர் பார்வைக்குத் திறந்து வைக்கத் துணிகிறான்.

கேரிசன் முதுமையுற்ற காலத்தில் இத்தொழிலே மறையும் நிலையில் இருந்தது. கண்ணாடியிழைக் கோல்கள் மலிவாகப் பெருகின. 1950 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்திருந்த தடையால் மூங்கில் வரத்தும் நின்றிருந்தது. முன்னோரில் பலர் தம் செய்முறையைப் பிறர் அறியாமல் காத்தவர்கள். கையோடு வித்தையும் போயிற்று. ஆனால், ஹோகி பி. கார்மைக்கேல் என்னும் இளைஞர் கேரிசனின் அருகிருந்து, அவர் செய்வதைப் படம்பிடித்தார்; கேட்டுக் குறித்தார். 1975இல் கேரிசன் மறைந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின், 1977இல், அவர் முறைகள் அனைத்தும் நூலாக வெளிவந்தன. முன்பின் அறியாதோரும் அந்நூலைத் துணையாகக் கொண்டு தம் பட்டறைகளில் மூங்கிலைப் பிளக்கத் தொடங்கினர்.

இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்னும் ஒரே பெயரைத் தந்தது தமிழ். நன்னூற் பாயிரம், நூல் இயற்றுவதைப் பஞ்சிலிருந்து இழை நூற்பதோடு ஒப்பிடுவதைத் தமிழாசிரியர் அறிவர். கேரிசனின் வாழ்வில் இரண்டு நூல்களும் ஒரே பணியைச் செய்தன. பட்டுநூல் தான் மறைந்து மூங்கிலைக் காட்டிற்று. மாணவர் தம் உழைப்பைப் பின்னிறுத்தி ஆசானைக் காட்டினார்.

வகுப்பறையிலும் அத்தகைய இழைகள் உண்டு. பிள்ளை மேடையேறிப் பேசும்போது, அவன் எழுத்தைத் திருத்திய கை எங்கும் தெரிவதில்லை. தெரியாததனால் அது இல்லை என்று ஆகிவிடாது. மீனின் இழுப்பில் கோல் வளையும் நேரத்தில் வளையங்களை இறுகப் பற்றி நிற்பது, கண்ணுக்குத் தெரியாத அந்த நூல்தான்.