பழைய துளையில் புதிய நூல்

பெரியமேட்டில் தோலுக்குச் சதுர அடிதான் கணக்கு. கழுத்தும் வயிறும் கால்களும் கோணல்மாணலாக நீட்டிக்கொண்டிருக்கும் தோலை எந்திரத்தில் விட்டு அளந்து, வந்த எண்ணைப் பின்பக்கத்தில் குறித்துவிடுகிறார்கள். சென்னை சென்ட்ரலில் இறங்கி நேரு விளையாட்டரங்கத்துப் பக்கம் நடந்தால் இந்தக் கடைகள் வந்துவிடும். வெள்ளாடு, செம்மறி, மாடு, எருமை என்று சுருள் சுருளாக அடுக்கியிருக்கிறது. அடுத்த கடையில் பக்கிள், ரன்னர், ரிவெட், டி வளையம். அதற்கடுத்து பை தைத்து விற்பவர்கள். இவர்கள் எல்லாருக்கும் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், நான் தேடிப் போனவர் இருந்தார். புதிதாக எதையும் செய்து விற்பவரல்ல. பழுது பார்ப்பவர்.

பை தயாராவதை ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்கூடங்களில் பார்த்திருக்கிறேன். ஒருவர் வெட்டுவார், ஒருவர் ஓரம் சீவுவார், ஒருவர் பசை தடவுவார், ஒருவர் மிஷினில் ஓட்டுவார். முழுப் பையையும் ஒரே ஆள் செய்வதில்லை; தன் பங்கு தெரிந்தால் போதும். பழுது பார்ப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. யாரோ எங்கோ எந்த வரிசையில் தைத்தார்கள் என்பதை மூடிய பையைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் போட்ட தையலை முதலில் பிரித்து உள்ளே போக வேண்டும், வேலையை முடித்துவிட்டு வந்த வழியே மூட வேண்டும். பை செய்வதைவிட இது பெரிய வித்தை என்றே நான் நினைக்கிறேன்.

அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். அப்பா புரசைவாக்கத்தில் நடைபாதையில் செருப்புத் தைத்தவர். இவர் சிறு வயதிலேயே ஏற்றுமதிக்குப் பை தைக்கும் கம்பெனி ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, டேபிள் வேலை கற்று, மிஷினுக்கு வந்திருக்கிறார். கம்பெனி மூடியதும் இந்தப் படிக்கட்டின் அடி. நாலைந்து குத்தூசி, தோல் சீவும் கத்தி, குறடு, ஒரு பளிங்குத் துண்டு, தேன்மெழுகுக் கட்டி, கால் மிஷின் ஒன்று. கூடவே, கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுத் தோல் ஒரு மூட்டை. இந்த மூட்டையை மட்டும் கிலோ கணக்கில் வாங்குகிறார்.

நான் உட்கார்ந்திருந்தபோது கல்லூரிப் பெண் ஒருவர் உரிந்துபோன பையோடு வந்தார். பழுது பார்ப்பவர் ஜிப்பைத் திறந்து, உள்மடிப்பில் வெட்டுவாயை விரலால் விரித்துப் பார்த்தார். நிஜத் தோலாக இருந்தால் அங்கே பஞ்சு போல நார் தெரியும். தெரிந்தது துணி.

“இது தோல் இல்லம்மா. துணி மேல பூச்சு.”

“ஜென்யூன் லெதர்னு எழுதியிருக்கேண்ணா.”

“எழுத்த நான் ஒட்டித் தரலாம். உரியறத ஒட்ட முடியாது. ஒட்டினா நாளைக்கு அதுக்குப் பக்கத்துல உரியும்.”

காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். அந்தப் பாலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரத்தால் சிதையக் கூடியது. சென்னைக் காற்றில் பையை அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் செதில் செதிலாகக் கொட்டும். தோல் கழிவை அரைத்துப் பசையில் குழைத்துத் தகடாக்கி, தோல் என்ற பெயரிலேயே விற்பதும் உண்டு. அதில் நீண்ட நார் இல்லை. ஊசி போட்ட துளை கிழிந்துகொண்டே போகும். தைக்க இடம் தராத பையைத் தோல் விலைக்கு விற்பது அநியாயம்.

அன்று அவர் கையில் இருந்த பெரிய வேலை, ஒருவர் அலுவலகத்துக்குத் தோளில் மாட்டிப் போகும் பழைய பை. வெயில் பட்ட இடமெல்லாம் செம்பழுப்பு; மூடியைத் தூக்கினால் அடியில் இளம் மஞ்சள் பழுப்பு. “பட்டைத் தோல்” என்றார். மரப்பட்டையில் பதனிட்டது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஆவாரம்பட்டைதான் இதற்கு. ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். அதைத் தணிக்கத்தான் கடைசியில் கடுக்காய்க் கரைசலில் போட்டு எடுத்தார்கள். இப்படிப் பதனிட்ட தோல், ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. திண்டுக்கல்லும் திருச்சி செம்பட்டும் அதற்குப் பேர்போன ஊர்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில், அதாவது பதனிடும் கூடங்களில், சுண்ணாம்புக் குழிக்குள் நின்றவர்களின் வாழ்க்கையைத்தான் டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பின்னாளில் ஆவாரைக்குப் பதில் வாட்டில் பட்டை வந்தது, அதையும் தாண்டிக் குரோமியம் வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலை குரோமியத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் முடிகிறது. அதன் கழிவுநீர் பாலாற்றை என்ன செய்தது என்பதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே விரிவாகச் சொல்லியிருக்கிறது.

அந்தப் பையில் வார் சேரும் இடம் கிழிந்திருந்தது. பை முழுக்க நல்ல நிலையில் இருந்தாலும், பாரம் முழுவதும் தொங்குவது அந்த இரண்டு அங்குலத்தில்தானே. வார் அடியில் மிஷின் தையல் விட்டிருந்தது. மிஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் துளைக்குள் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும். ஒரு நூல் அறுந்தால் பிடி தளர்ந்து, அடுத்தடுத்த தையலும் நழுவும். பையின் சொந்தக்காரர் அதோடேயே மாதக்கணக்கில் சுமந்திருக்கிறார். நூல் போன பிறகு பாரம் தோலுக்குப் போய், துளைக்குத் துளை கிழிந்து ஒரே கோடாகிவிட்டது.

முதலில் உள்துணியை ஓர் ஓரமாக ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் பிரித்தார். மூட்டையில் துழாவி, பையின் தோலைவிடச் சற்று மெல்லிய மாட்டுத் தோல் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். அதிகம் நீளாத பக்கம் மேலும் கீழுமாக வரும்படி திருப்பி, முட்டை வடிவத்தில் வெட்டினார். சதுரமாக வெட்டினால் மூலை குத்துகிற இடத்தில் புதிய கிழிசல் தொடங்குமாம். பளிங்கின் மேல் வைத்து ஓரத்தைச் சுற்றிலும் கத்தியால் சீவினார். நடுவில் கனமும் ஓரத்தில் காகித மென்மையுமாக வந்தது. வெளியே தடவினால் உள்ளே ஒட்டு இருப்பதே தெரியக் கூடாது.

ஒட்டும் முகம் இரண்டையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டிலும் பசை தடவி, தள்ளி வைத்தார். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் பிடிக்காது. மழை நாளில் இந்தக் காத்திருப்பு இரட்டிப்பாகும் என்றார். பிறகு சேர்த்து வைத்து, சிறு சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு தையல். நூலைத் தேன்மெழுகில் நாலைந்து தடவை இழுத்தார். நூலின் இரண்டு முனையிலும் ஊசி. தோல் கிழியாத இடத்தில் குத்தூசி பழைய துளையில் மட்டுமே இறங்கியது. கிழிசல் கோடாக ஓடிய இடத்தில், பழைய வரிசையை விட்டுச் சற்று உள்ளே தள்ளிப் புதிய துளைகள் போட்டார். அவற்றையும் நெருக்கமாகப் போடவில்லை. துளை நெருங்கினால் தபால்தலைத் தாள் மாதிரி தோல் தானே பிரிந்து வந்துவிடும். ஒரே துளையில் இடமிருந்து ஓர் ஊசி, வலமிருந்து ஓர் ஊசி; இரண்டையும் இழுத்து, அளவாக இறுக்கம். இந்தத் தையலில் ஒரு நூல் தேய்ந்து அறுந்தாலும் மற்றது அதே துளையில் நின்று தாங்கும். ஒவ்வொரு இழுப்பிலும் நூல் அவர் சுண்டுவிரலின் வெளிப்பக்கம் உரசியது. அந்த இடத்தில் தோல் காய்த்துப் பழுப்பேறியிருந்தது.

இந்த வேலை முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கேட்டது 350 ரூபாய். பையின் சொந்தக்காரர் 200இல் தொடங்கி 300இல் நின்றார். எதிரே கண்ணாடிக் கடையில் இதே மாதிரிப் புதுப்பைக்கு ஒட்டியிருக்கும் விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. குந்தி உட்கார்ந்து தோலைத் தொடுகிறவரிடம் மட்டும் பேரம் பேசலாம் என்ற துணிச்சல் சாதியிலிருந்து வருகிறது. தோல் வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டி, கட்டிய பிறகு அவர்களையே இழிவு செய்த சமூகம் இது. அந்தச் சாதிகளில் ஒன்றான அருந்ததியருக்குத் தமிழ்நாட்டில் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததே 2009இல்தான். பை தைத்துக் கொடுத்தவரின் மகள் கணக்கியல் படிக்கிறார். இந்தப் படிக்கட்டுக்கு அவர் வர வேண்டியதில்லை, வரவும் கூடாது. ஆனால் இந்த அறிவு, விரும்புகிற யாரும் கற்று மரியாதையான கூலிக்குச் செய்கிற தொழிலாக வேண்டும். அடையாற்றில் 1948இலிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர் இது. தோலைப் பற்றி இவ்வளவு ஆராய்ந்த நகரத்தில், தோலைக் காப்பாற்றுகிறவர் படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்.

வாடிக்கையாளர் மேல் அவருக்கு இருந்த ஒரே வருத்தம் தேங்காய் எண்ணெய். “தோல் காஞ்சிருக்குன்னு தலைக்குத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சுக் கொண்டாறாங்க தம்பி. எண்ணெ எறங்கின எடத்துல பசை புடிக்காது.” பட்டைத் தோலில் எண்ணெய் கறுத்தும் போகும். தோலுக்கென விற்கும் கிரீமைத் துணியில் தொட்டு, மெல்லியதாகப் பூசினால் போதும் என்கிறார். கிழிந்த இடத்தில் நொடியில் ஒட்டும் பசையை விடுவது அதைவிட மோசம்; அது கல்லாகிவிடும், பக்கத்துத் தோல் அதன் விளிம்பில் வெடிக்கும்.

மழையில் நனைந்த பையை ஹேர் டிரையரில் காட்டக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. குரோமியத் தோல் கொதிநீரைக்கூடத் தாங்கும். பட்டைத் தோல், ஈரமாக இருக்கும்போது, ஏறக்குறைய 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும். தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரப் பசையே தோலை நீரில் காய்ச்சி எடுப்பதுதான். ஈரமும் சூடும் சேர்ந்தால் தோலின் நார் அந்த வழிக்குத்தான் போகும். துடைத்து, வெள்ளைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் விட வேண்டும். செய்தித்தாள் என்றால் மை உள்துணியில் ஏறும்.

ஐப்பசி, கார்த்திகையில் பூசணம் வரும், அதுவும் பட்டைத் தோலில் கூடுதலாக. வீட்டுக்குள் தட்டாமல் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாதீர்கள், பருத்தித் துணிப்பை நல்லது. ஆணியில் மாட்டியே வைத்தால் வார் ஓரிடத்தில் இழுபட்டுத் தேயும், நிமிர்த்தி வைக்கலாம். ஜிப் மூடியபின் பின்னால் பிளந்துகொண்டால் பல் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் ரன்னரின் வாய்தான் அகன்றிருக்கும். குறடால் இரண்டு பக்கமும் சமமாக லேசாக அழுத்தினால் சரியாகும். அதற்கும் அடங்கவில்லை என்றால் ரன்னரை மட்டும் மாற்றலாம். அதன் பின்புறம் 5, 8 என்று எண் இருக்கும், அதே எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் அவர் கேட்டுக்கொண்டது ஒன்று. வார் அடியை மாதம் ஒரு தடவை புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். நூல் ஓரிடத்தில் எழும்பியிருக்கும்போதே கொண்டுவந்தால் பத்து நிமிட வேலை, 50 ரூபாய்.