நட்சத்திரத்துக்குப் போட்ட ஓட்டு

2024 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல். காலை ஆறேகால் இருக்கும். மேட்டூரை முந்தின ஜூன் 12 தவறாமல் திறந்துவிட்டு அக்டோபரிலேயே மூடிவிட்டிருந்தார்கள். குடமுருட்டியில் தண்ணீர் இல்லை. அதனால் மாடுகளைப் போர் செட்டில் குளிப்பாட்டலாம் என்று ஓட்டிக்கொண்டு கிளம்பிய நேரத்தில் போன் அடித்தது. தம்பி.

"அண்ணா, இன்னும் கால் மணி நேரத்துல ஆரம்பிச்சிரும். நான்தான் பேசப்போறேன். கை நடுங்குது."

"குளிராடா?"

"குளிரும்தான்."

அவன் இருப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டிமாயின் நகருக்கு வெளியே. அங்கே முதல் நாள் மாலை. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் கூட்டங்கள் அன்றைக்கு இரவு ஏழு மணிக்கு. நம் ஊரில் வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும், நாம் சுவரெழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். அங்கே யார் நிற்பது என்பதையே கட்சிக்காரர்களும் ஆதரவாளர்களும் மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அயோவாவில் அதற்குப் பெயர் காகஸ். பள்ளிக்கூட ஹாலிலோ சர்ச்சிலோ அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து சில நிமிடம் பேசுவார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிப் போட வேண்டும். அங்கேயே எண்ணுவார்கள்.

தம்பி பேசப்போனது விவேக் ராமசாமிக்காக. சின்சினாட்டியில் பிறந்தவர், அப்பா அம்மா பாலக்காட்டுப் பக்கம், வீட்டில் பேசுவது தமிழ். மருந்துக் கம்பெனி நடத்திப் பணம் சேர்த்தவர், அப்போது வயது 38. கல்வித் துறையை இழுத்து மூட வேண்டும், எஃப்பிஐயைக் கலைக்க வேண்டும், 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் குடிமையியல் தேர்வில் தேறினால்தான் ஓட்டு, இப்படியெல்லாம் பேசினார். எச்1பி விசா முறையையே கலைத்துவிட்டு, குலுக்கலுக்குப் பதிலாகத் தகுதி பார்த்து ஆள் எடுக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

தம்பி அமெரிக்கா போனது 1999-இல், அதே எச்1பி விசாவில். டிமாயினில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதிகம், அவற்றில் ஒன்றுக்கு கம்ப்யூட்டர் வேலை செய்யப் போனான். பிறகு கல்யாணம், மனைவி, குழந்தைகள், குடியுரிமை.

"ஏன்டா, நீ ஏறின ஏணியையே எடுக்கணும்கறவனுக்கா ஓட்டுக் கேக்கற?" என்று முன்னமே ஒருதரம் கேட்டிருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "தாத்தா எதுக்காக நட்சத்திரத்துக்கு ஓட்டுக் கேட்டாரு?"

அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

*

நட்சத்திரம் என்றால் சுதந்திரா கட்சி. இன்றைக்கு ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டில் நிலத்துக்கு உச்சவரம்பும் கூட்டுறவுப் பண்ணையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதே வருஷம் ஜூன் 4-ஆம் தேதி சென்னையில் ராஜாஜி புதுக் கட்சியை அறிவித்தார். அவருக்கு அப்போது வயது 80. கவர்னர் ஜெனரலாகவும் முதலமைச்சராகவும் இருந்து முடித்த மனிதர், வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்று கிளம்பிவிட்டார். எதற்கெடுத்தாலும் அனுமதி, லைசென்ஸ், கோட்டா என்று சர்க்கார் குடியானவன் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது அவருடைய பேச்சு.

எங்கள் தாத்தாவுக்கு அது நேராக நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. தஞ்சாவூருக்கும் பாபநாசத்துக்கும் இடையில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். தாத்தாவுக்கு இரண்டு வேலி நிலம். வேலி என்றால் ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, ஆக மொத்தம் பதின்மூன்று ஏக்கர் சொச்சம். ஊரில் 'மிராசு' என்று கூப்பிடுவார்களே தவிர, பெரிய மிராசுதார்களுக்கு முன்னால் திண்ணையில் ஓரமாக உட்காருகிற மிராசு.

வேடிக்கை என்னவென்றால், 1952-இல் இதே ராஜாஜியைத் தாத்தா வாயில் வந்தபடி திட்டியிருக்கிறார். அந்த வருஷம் முதலமைச்சராக இருந்த ராஜாஜிதான் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே பண்ணையாள், குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார். நினைத்த நேரத்தில் பண்ணையாளை வெளியே தள்ள முடியாது, கூலி இவ்வளவு, குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று எழுதி வைத்தது அந்தச் சட்டம். கீழத் தஞ்சையில் செங்கொடி பலமாக இருந்த காலம், அதைத் தணிக்கத்தான் என்பார்கள். தணிக்கவோ தர்மத்துக்கோ, செய்தவர் ராஜாஜி. ஏழு வருஷம் கழித்து அவரையே தாத்தா தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

1962 பிப்ரவரி. சம்பா அறுப்பு முடிந்து களத்தில் போரடிக்கிற சமயத்தில் தேர்தல். களத்துமேட்டுச் சுவரில் தாத்தா தன் கையாலேயே காவியில் ஒரு நட்சத்திரம் வரைந்தார். பூத்தில் ஏஜென்டாக உட்கார்ந்தார். முந்தின தேர்தல்களில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்திருந்தார்கள். இந்தத் தடவைதான் எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில், முத்திரை குத்த வேண்டும். "எப்படிக் குத்தறதுன்னு ஊருக்கே சொல்லிக்குடுத்தேன், எல்லாரும் சரியாக் கத்துக்கிட்டு வேற சின்னத்துல குத்திட்டானுவ" என்று கடைசி வரைக்கும் சொல்லுவார்.

அந்தத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையில் சுதந்திராவுக்குக் கிடைத்தது 6 இடம். காங்கிரஸ் 139, தி.மு.க. 50. தாத்தாவின் ஆள் தோற்றுப்போனார். எங்கள் பூத்தில் நட்சத்திரத்துக்கு விழுந்ததைத் தாத்தா தொகையாகச் சொல்ல மாட்டார். "நம்ம தெரு" என்று மட்டும் சொல்லுவார்.

இதில் எனக்கு வெகுநாள் புரியாத ஒன்று உண்டு. எந்த உச்சவரம்புக்குப் பயந்து தாத்தா ஓட்டுக் கேட்டாரோ, அது அவரைத் தொடவே இல்லை. 1961 சட்டம் போட்ட வரம்பு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர். தாத்தாவிடம் அதில் பாதிகூடக் கிடையாது. இன்னொருத்தர் நிலத்துக்காக இவர் வெயிலில் அலைந்திருக்கிறார். அப்பாவிடம் கேட்டபோது, "உங்க தாத்தா தன்னை அந்த நாற்பது வேலிக்காரங்களோட சேத்துக் கணக்குப் பண்ணிக்கிட்டாருடா" என்றார். தம்பி விஷயமும் அதுதானோ என்னவோ. விசாவுக்கு வரிசையில் நிற்கிற ஹைதராபாத் பையனோடு அவன் தன்னைச் சேர்த்துப் பார்க்கவில்லை. சோளக்காட்டுக்கு நடுவில் மூன்று தலைமுறையாக இருக்கிற பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்த்துப் பார்க்கிறான்.

ஆனால் அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் இரண்டு பேருக்கும் அநியாயம் செய்ததாகும். சொந்த லாபத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று யார் சொன்னது? சர்க்கார் எதிலெல்லாம் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று தாத்தா நிஜமாகவே யோசித்திருக்கிறார். அவருடைய பழைய டிரங்குப் பெட்டியில் 'கல்கி'யிலிருந்து கத்தரித்த ராஜாஜி கட்டுரைகள் செல்லரித்துக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். வரிக்கு வரி பென்சில் கோடு. தோற்பவருக்கு என்று தெரிந்தே போட்ட ஓட்டுக்கு ஒரு சுத்தம் இருக்கிறது. அந்த ஓட்டால் வேலை கிடைக்காது, கான்ட்ராக்ட் கிடைக்காது.

*

மாடு குளிப்பாட்டி முடித்துக் கொம்புக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது திரும்பப் போன் வந்தது.

"பேசிட்டேண்ணா. கை தட்டினாங்க. ஒரு பெரியவரு வந்து, நல்லாப் பேசினே, ஆனா நான் டிரம்புக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாரு."

"எண்ணியாச்சா?"

"எண்ணறதுக்கு முன்னாடியே டிவியில ஜெயிச்சது யாருன்னு சொல்லிட்டாங்க."

அது உண்மைதான். கூட்டங்கள் தொடங்கி அரை மணி நேரத்துக்குள், பல இடங்களில் ஆட்கள் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே, டிரம்ப் வெற்றி என்று செய்தி வந்துவிட்டது. கடைசிக் கணக்கில் டிரம்ப் 51 சதவீதம், டிசாண்டிஸ் 21, நிக்கி ஹேலி 19, விவேக் 7.7. அயோவாவில் இருக்கிற 99 கவுன்டிக்கும் இரண்டு இரண்டு தடவை போய் வந்த மனிதருக்கு நாலாவது இடம்.

அன்றிரவே அவர் விலகிக்கொண்டார். விலகியதோடு டிரம்புக்கு ஆதரவும் சொல்லிவிட்டார்.

தம்பி அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "வீட்டுக்குக் கார்ல வந்துக்கிட்டே ரேடியோவுல கேட்டேன். நான் பேசின பேச்சோட சூடே ஆறலை. யார் வேண்டாம்னு இவருக்கு நின்னனோ, அவருக்கே என்னைக் கைமாத்தி விட்டுட்டாரு."

எனக்கு 1967 நினைவுக்கு வந்தது. நான் அப்போது கைக்குழந்தை, எல்லாம் வீட்டில் கேட்டதுதான். காங்கிரஸை இறக்குவதற்காக ராஜாஜி தி.மு.க.வோடு கூட்டு வைத்தார். ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் உதயசூரியனுக்குப் போடுங்கள் என்று அக்ரகாரத்தில் சொன்னதாக இன்றைக்கும் ஊரில் சொல்லுவார்கள். பூணூல் இல்லாத எங்கள் வீட்டிலும் தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு சூரியனில் குத்தினார். சுதந்திராவுக்குச் சட்டசபையில் 20 இடம் கிடைத்தது, டெல்லியில் 44. கட்சிக்கு அதுதான் உச்சம். மூன்று வருஷம் கழித்து, 1970-இல், அதே தி.மு.க. ஆட்சி உச்சவரம்பை 30-லிருந்து 15 ஸ்டாண்டர்ட் ஏக்கராகக் குறைத்தது.

1971-இல் ராஜாஜி இந்தத் தடவை காமராஜரோடு கூட்டு. ஆயுசு பூரா எதிரியாக இருந்தவர்கள். தாத்தா ஓட்டுப் போடவே போகவில்லை. யாரோ வந்து கூப்பிட்டதற்கு, "போன தடவை ஓட்டைக் குத்தகைக்குத்தான் விட்டேன். கிரயம் பண்ணிக் குடுக்கலை" என்றாராம். அடுத்த வருஷம் டிசம்பரில் ராஜாஜி போனார். 1974-இல் கட்சியும் வேறு கட்சியில் கரைந்தது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். சிரித்தான். அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

*

இதோடு முடித்திருந்தால் தாத்தா, பேரன் இருவருக்கும் மாலை போட்ட மாதிரி இருந்திருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

எங்கள் நிலத்தில் இன்றைக்கு நடவு, அறுப்பு மெஷின் எல்லாம் பார்த்துக்கொள்கிறவரின் தாத்தாதான் எங்கள் தாத்தாவிடம் பண்ணையாளாக இருந்தவர். அந்தப் பெரியவர் எங்கள் தாத்தாவை 'ஆண்டே' என்று கூப்பிட்டார். பேரன் என்னை 'சார்' என்கிறார், நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுகிறேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர் காபி குடித்துக்கொண்டே தம்பியைப் பற்றிக் கேட்டார். நான் அமெரிக்கக் கதையையும், பேச்சுவாக்கில் நட்சத்திரக் கதையையும் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க தாத்தா அந்த எலெக்சன்ல கதிர் அரிவாளுக்குப் போட்டாரு சார். உங்க தாத்தாவுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? ரகசிய ஓட்டுதானே?"

"பூத்து பூத்தா எண்ணி இந்தப் பூத்துல இவ்வளவுன்னு சொல்லிடுவாங்கள்ல. தெருவுல எத்தனை ஓட்டு, சேரியில எத்தனை ஓட்டு, கணக்குப் போடத் தெரியாதா? அந்த ஆடியில நெல்லு கேக்கப் போனப்ப, பத்தாயம் காலின்னுட்டாங்களாம். எங்கப்பாவுக்கு அப்ப ஆறு வயசு. அந்த வருசம் முச்சூடும் நத்தையும் நண்டும்தான்னு சொல்லுவாரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஆடியிலிருந்து அறுப்பு வரைக்கும் பண்ணையாள் வீட்டில் அடுப்பு எரிவது முதலாளி கடனாகக் கொடுக்கும் நெல்லில். அந்த நெல்லை நிறுத்துவதற்குச் சட்டம் தேவையில்லை, லைசென்ஸ் தேவையில்லை. சர்க்கார் தன் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஊர் ஊராகச் சொன்னவர், தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று குனிந்து பார்க்கவில்லை. கட்சியின் பெயரோ சுதந்திரா. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோன செய்தி வந்த அன்றைக்குத் தாத்தா சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்லுவாள். அதை அவருடைய இரக்கத்துக்குச் சாட்சியாகத்தான் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். இப்போது அந்தப் பட்டினிக்குள் வேறு என்னென்ன இருந்தது என்று தெரியவில்லை.

இரவு தம்பியைக் கூப்பிட்டு அதையும் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இங்க அந்த ஹால்ல நான் யார் கையையும் எதிர்பார்க்காமப் பேசினேன்ணா. அந்தப் பெரியவரு என்னைப் பிடிக்கலைன்னாலும் என் சோத்துல கை வைக்க முடியாது. அதைத்தான் நான் சுதந்திரம்னு நினைச்சேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அது எல்லாருக்கும் இருக்கான்னு நான் கேக்கலைதான்" என்றான்.

அந்த நவம்பரில் டிரம்பை எதிர்த்து நின்றவர் கமலா ஹாரிஸ். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் மன்னார்குடி பக்கம், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும். தர்மசாஸ்தா கோயிலில் அபிஷேகம், ஊர் முழுக்கப் பேனர். டெல்டாவே அவருக்காகத்தான் இருந்தது. தேர்தல் முடிந்ததும் தம்பியிடம் கேட்டேன், யாருக்குப் போட்டாய் என்று.

"சீட்டுல இருக்கட்டும்ணா" என்றான்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. களத்துமேட்டுச் சுவருக்கு வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். மழை பெய்து ஊறினால் இன்றைக்கும் அந்தக் காவி நட்சத்திரம் லேசாகத் தெரியும். கதிர் அரிவாளை அவர்கள் எந்தச் சுவரில் வரைந்திருக்க முடியும்? அவர்களுக்குச் சுவர் ஏது?